ஆகாயத்தில் பாகப்பிரிவினை

நிலத்துக்குப் பட்டா உண்டு. நீருக்குத் தீர்வை உண்டு. ஆகாயம் ஒன்றுதான் எல்லோருக்கும் பொது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அப்படியல்ல. 1944-ம் வருஷம் அமெரிக்காவில் சிக்காகோ நகரில் பல தேசத்துப் பிரதிநிதிகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன் முதல் ஷரத்தே, ஒவ்வொரு தேசமும் தன் பூமிக்கு மேலுள்ள ஆகாயத்துக்குப் பூரண அதிபதி என்பதுதான். ஆகவே, கால அட்டவணைப்படி பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானம் அந்நிய தேசத்தின் தலைக்கு மேல் பறப்பதற்குக்கூட அத்தேசத்துச் சர்க்காரின் சம்மதம் வேண்டும்.

இந்தச் சம்மதத்தில் பல படிகள் உண்டு. மேலே பறந்து கடந்து போகலாம் என்பது முதற்படி. எண்ணெய் போட்டுக்கொள்ளவோ பழுது பார்க்கவோ இறங்கலாம் என்பது இரண்டாவது. சொந்த தேசத்திலிருந்து ஜனங்களைக் கொண்டுபோய் இறக்கலாம் என்பது மூன்றாவது. அங்கிருந்து சொந்த தேசத்துக்கு ஏற்றி வரலாம் என்பது நான்காவது. இவற்றுக்கு மேற்பட்டவை கிடைத்தற்கரிய வரங்கள்: இரண்டு அந்நிய தேசங்களுக்கு நடுவே விமானம் விடுவது, ஓர் அந்நிய தேசத்துக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்வது. எந்தச் சர்க்கார்தான் தன் வீட்டுச் சமையற்கட்டுக்குள் பிறத்தியாரை எளிதில் விடும்?

ஐரோப்பிய ஐக்கியத்தைச் சேர்ந்த தேசங்களோ இந்த வரத்தை ஒன்றுக்கொன்று தாராளமாகவே அளித்துக்கொண்டன. 1993-ல் தொடங்கிய ஏற்பாடு 1997 ஏப்ரல் முதல் பூரணமாக அமலுக்கு வந்தது. பிரிட்டிஷ் கம்பெனி பாரிஸிலிருந்து ரோமுக்குப் பறக்கலாம்; ரோமிலிருந்து மிலானுக்கும் பறக்கலாம்; கேட்பார் இல்லை. 1995-ல் லண்டனுக்கு அருகிலுள்ள லூட்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரண்டு வாடகை விமானங்களை விடத் தொடங்கிய ஈஸிஜெட் கம்பெனி, இந்தச் சுதந்தரத்தைக் கொண்டே ஐரோப்பா முழுவதும் கிளை பரப்பிற்று. சீமான்களின் சவாரியாக இருந்த ஆகாய யாத்திரை குமாஸ்தாக்களுக்கும் மாணவர்களுக்கும் எட்டுவதாயிற்று.

இப்படியிருக்கையில், 2016 ஜூன் 23-ந் தேதி பிரிட்டிஷ் ஜனங்கள் ஐக்கியத்தை விட்டு விலகுவதென்று வாக்களித்தார்கள். எங்கள் நாட்டின் காரியங்களை நாங்களே நிர்வகித்துக்கொள்வோம் என்பது விலக விரும்பியவர்களின் கோஷம். 2020 ஜனவரி 31-ந் தேதி பிரிட்டன் வெளியேறிற்று. அவ்வருஷக் கடைசி வரையில் பழைய சலுகைகள் நீடித்தன. புது உடன்படிக்கை ஏற்பட்டதோ டிசம்பர் 24-ந் தேதி, அதாவது கெடு முடிய ஒரே வாரம் இருக்கும்போது!

அதன்படி பிரிட்டிஷ் பிரயாணி விமானங்களுக்குக் கிடைத்தவை முதல் நான்கு படிகள் மட்டுமே. லண்டனிலிருந்து பாரிஸுக்குப் போகலாம், திரும்பலாம். பாரிஸிலிருந்து நீஸ் நகருக்கு ஒரு பிரயாணியையும் ஏற்றக் கூடாது. அவ்வாறே பிரெஞ்சுக் கம்பெனி லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஏற்றக் கூடாது. பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன தம்பி, வாசலில் வந்து நின்று பேசலாம். கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியாது என்பது போலத்தான்.

கம்பெனிகள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. ஈஸிஜெட் 2017-லேயே ஆஸ்திரியா தேசத்து வியன்னாவில் ஒரு தனிக் கம்பெனியை ஸ்தாபித்து, நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களை அதன் பேருக்கு மாற்றிற்று. விமானத்தின் மேல் தீட்டியிருந்த பிரிட்டிஷ் பதிவெழுத்து அழிந்து ஆஸ்திரியப் பதிவெழுத்து ஏறிற்று. ஆரஞ்சு வர்ணம் மாறவில்லை. பாரிஸிலிருந்து நீஸுக்குப் போகிறவர், தாம் ஆஸ்திரிய விமானத்தில் செல்கிறோம் என்பதை அறியவும் மாட்டார். இதற்கு நேர்மாறாக, அயர்லாந்தின் ரையன் ஏரும் ஹங்கேரியின் விஸ் ஏரும் பிரிட்டனில் கிளைக் கம்பெனிகளை நிறுவின.

பேரை மாற்றினால் மட்டும் போதாது. ஐக்கியத்துக் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், அதன் உடைமையில் பாதிக்கு மேல் ஐக்கியத்துப் பிரஜைகளிடம் இருக்க வேண்டும். நிர்வாகமும் அவர்கள் வசமிருக்க வேண்டும். 2021 ஜனவரி முதல் தேதியன்று பிரிட்டிஷ்காரர்கள் இந்தக் கணக்கிலிருந்து ஒரேயடியாக நீங்கிவிட்டார்கள். ஈஸிஜெட் என்ன செய்தது? ஐக்கியத்தைச் சேராதவர்களின் ஷேர்களில் ஒரு பகுதிக்கு வாக்குரிமையை நிறுத்தி வைத்தது. லூட்டனில் தலைமை ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனியின் மகாசபையில், பணம் போட்ட பிரிட்டிஷ்காரருக்கு வாய் திறக்க உரிமை போயிற்று! கம்பெனியை ஆரம்பித்த குடும்பத்தார் சைப்ரஸ் பிரஜைகளானபடியால் அவர்களுடைய ஷேர்கள் ஐரோப்பியக் கணக்கில் சேர்ந்தன. ரையன் ஏர் பிரிட்டிஷ்காரர்களின் வாக்கை அடியோடு எடுத்துவிட்டது. 2021 டிசம்பரில் லண்டன் ஷேர் மார்க்கெட்டை விட்டும் விலகிக்கொண்டது. வீட்டு நிர்வாகத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளப் புறப்பட்டவர்களுக்கு இப்படியும் ஒரு பலன் கிட்டிற்று.

விமானங்களெல்லாம் தரையில் நின்றுவிடும் என்று பயமுறுத்தியவர்களின் வாக்குப் பலிக்கவில்லை. ஒரு நஷ்டமும் இல்லை என்பவர்களின் பேச்சும் சரியல்ல என்பது என் அபிப்பிராயம். பெரிய கம்பெனி வியன்னாவில் இன்னொரு வீடு கட்டிக்கொள்ளும். சிறிய கம்பெனி எங்கே போகும்? பிளைபிஎம்ஐ என்றொரு பிரிட்டிஷ் கம்பெனி இருந்தது. 17 சிறு விமானங்கள், 376 சிப்பந்திகள். ஜெர்மனிக்குள்ளேயே மியூனிக்கிலிருந்து ரோஸ்டாக்குக்கும் அது விமானம் விட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய்ச் செலவு ஒரு புறம் ஏற, பிரிவினைக்குப் பிறகு ஐரோப்பிய நகரங்களுக்கிடையே பறக்க முடியுமா என்ற சந்தேகத்தால் ஒப்பந்தம் செய்துகொள்வாரும் தயங்கினார்கள். பிரிவினைக்கு முந்தியே, 2019 பிப்ரவரி 16-ந் தேதி, அது கதவைச் சாத்திவிட்டது. பிரிட்டனிலிருந்து புறப்படும் மார்க்கங்கள் சிலவற்றை ஸ்காட்லாந்தின் லோகன் ஏர் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மியூனிக்–ரோஸ்டாக் மார்க்கம் அவற்றில் இல்லை.