ஓட்டுநரின் வலது கை

நெடுந்தூரம் கார் ஓட்டுகிறவரின் இரண்டு கைகளையும் சேர்த்துவைத்துப் பாருங்கள். ஜன்னலோரம் இருக்கும் வலது கை சற்றுக் கூடுதலாகவே கறுத்திருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினாலும் இதே கதைதான்.

சூரியனின் புற ஊதாக் கதிர்களில், தோலைச் சிவக்கவைத்து எரியவைக்கும் 'பி' வகையைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். தோலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும் 'ஏ' வகையைப் பக்கவாட்டுக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. எரிச்சல் இல்லாததால் பாதிப்பும் இல்லை என்று இருந்துவிடுகிறோம். கறுப்பு, மாநிறத் தோலில் மெலனின் அதிகம் என்பது உண்மை; ஆனாலும் அந்தக் காப்பு போதாது. சுருக்கமும் திட்டுத்திட்டான கருமையும் நமக்கும் வரும்.

நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை நல்ல காப்பு. சன்ஸ்கிரீன் வாங்கினால் எஸ்.பி.எஃப். எண் 30-க்குக் குறையாமல் இருக்கிறதா, 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்.பி.எஃப். முக்கியமாக 'பி' வகைக்கான கணக்கு; 'ஏ' வகைக்கும் காப்பு உண்டு என்பதைச் சொல்வது 'பிராட் ஸ்பெக்ட்ரம்'தான். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், வியர்த்து வழிந்தால் அதற்கு முன்பே.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கருமை போகட்டும் என்று எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்காதீர்கள். பழத்தில், அதிலும் தோலில், இருக்கும் சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டதும் சருமத்தைப் புண்ணாக்கும். கொப்புளம் ஆறினாலும் கருந்தழும்பு மறைய மாதக்கணக்காகும்.

மச்சம் உருமாறினாலோ, புண் வாரக்கணக்கில் ஆறாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.