ராணி எழுதியதா? பொய்க் கடிதமா?

1567-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஸ்காட்லாந்து ராணி மேரியின் கணவன் டார்ன்லி தங்கியிருந்த வீடு, வெடி மருந்தால் தகர்க்கப்பட்டது. அவன் பக்கத்துத் தோட்டத்தில் பிணமாகக் கிடந்தான்!

பாத்வெல் பிரபுதான் கொலையாளி என்று ஊரே பேசியது. மூன்றே மாதத்தில் அந்தப் பாத்வெல்லையே ராணி மணந்தாள். சும்மா விடுவார்களா? மற்றப் பிரபுக்கள் ராணியைச் சிறையில் அடைத்தார்கள். பாத்வெல்லின் ஆளிடம் ஒரு வெள்ளிப் பெட்டியைக் கைப்பற்றியதாகவும் சொன்னார்கள். அதற்குள், ராணி பாத்வெல்லுக்கு எழுதிய 8 கடிதங்களாம்!

சிறையிலிருந்து தப்பிய ராணி, இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தாள். 1568-ல் அங்கே விசாரணை நடந்தது. குமாஸ்தாக்கள் கடிதங்களைப் பார்த்துக் கையால் பிரதி எடுத்தார்கள்.

தன்னைப் போலவே எழுதக்கூடியவர்கள் ஸ்காட்லாந்தில் பலர் உண்டு என்று ராணி சொல்லி அனுப்பினாள். அசலைப் பார்க்க வேண்டும் என்றாள். காட்டவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

1584-க்குப் பிறகு அசல் கடிதங்களைப் பற்றித் தகவலே இல்லை. லண்டன் தேசிய ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் இருப்பவை பிரதிகள்தான். அதில் உள்ளது குமாஸ்தாவின் எழுத்து. அதை வைத்து ராணியின் எழுத்தை எப்படி ஒப்பிடுவது?

அந்தப் பெட்டி என்று நம்பப்படும் வெள்ளிப் பெட்டியை, ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் 2022-ல் 18 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. உள்ளே அந்தக் கடிதங்களில் ஒன்றுகூட இல்லை.