கிராண்ட்பாஸில் காஸாவைப் பேசும்போது

கொழும்பு கிராண்ட்பாஸின் தேத்தண்ணிக் கடையொன்றில் காஸா பேச்சு தொடங்கினால் பிளேன்டீ ஆறிப்போகும். "ரெண்டாயிரம் வருசம் நாடில்லாம அலைஞ்சவன் யூதன். அவனுக்கு ஒரு இடம் வேணாமா நாநா?" என்பார் தமிழர். "வேணும்தான் தம்பி. அதுக்காக அங்க இருந்தவன எழுப்பி விடலாமா?" என்பார் முஸ்லிம் நாநா. 2023 ஒக்டோபருக்குப் பிறகு இந்தப் பேச்சில் சூடு கூடிவிட்டது.

இஸ்ரேல் மீது தமிழர்களாகிய நம்மவர்களுக்குப் பழைய மயக்கம் ஒன்று உண்டு. சிதறிய இனம் ஒன்று சேர்ந்தது, மொழியை மீட்டது, நாடு கண்டது என்று மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஆனால் ஈரோஸ் என்ற தமிழ் இயக்கத்தின் இளைஞர்கள் எழுபதுகளில் ஆயுதப் பயிற்சிக்குப் போனது லெபனானில் இருந்த பலஸ்தீனர்களிடம். 1970இல் சிறிமாவோ முறித்த இஸ்ரேல் உறவை 1984இல் ஜே.ஆர். ஜயவர்தன மீண்டும் தொடக்கினார். கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே இஸ்ரேலுக்கு ஒரு பிரிவு திறக்கப்பட்டது. முஸ்லிம்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இஸ்ரேலில் கட்டிய டோராப் படகுகள் நம் கடலுக்கு வந்தன; 1996இல் கிபிர் விமானங்களும் வந்தன. வன்னியில் கிபிர் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை. இரைச்சல் கேட்டதும் பிள்ளைகள் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். அந்த இரைச்சலை அறிந்த சனம் காஸாவின் வானத்தைப் பார்த்து "அது அவர்களுடைய பிரச்சினை" என்று சொல்லிவிட முடியாது.

ஒரு மக்கள் கூட்டம் தேசிய இனமா இல்லையா என்ற வழக்கு நமக்குப் புதிதல்ல. 1985இல் திம்புப் பேச்சுவார்த்தையில் தமிழர் தரப்பு வைத்த நான்கு கோரிக்கைகளில் முதலாவதே தமிழரைத் தனித்த தேசிய இனமாக ஏற்க வேண்டும் என்பதுதான். அரசு மறுத்தது. பலஸ்தீனர்களுக்கு நடந்ததை இந்த அனுபவத்தோடுதான் நான் படிக்கிறேன். 1993 செப்டெம்பர் 9ஆம் திகதிக் கடிதத்தில் யாசிர் அரபாத், இஸ்ரேல் அமைதியோடும் பாதுகாப்போடும் வாழும் உரிமையை ஏற்றார். பதிலுக்கு இஸ்ரேலியப் பிரதமர் ரபீன் ஏற்றது, பலஸ்தீன விடுதலை இயக்கம் அந்த மக்களின் பிரதிநிதி என்பதை மட்டுமே. நாடு அமைக்கும் உரிமை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஒரு பக்கம் நாட்டை ஏற்றது, மறுபக்கம் பேச வந்தவரை ஏற்றது. அந்த ஏற்றத்தாழ்வின் மேல் கட்டிய சமாதானம் நிலைக்காமல் போனதில் எனக்கு வியப்பில்லை.

இதனால் யூதர்களுக்கு அந்த மண்ணில் உரிமையே இல்லை என்ற வாதத்துக்கு நான் போகமாட்டேன். அங்கே பிறந்து, எபிரேயம் பேசி, வேறு ஊர் தெரியாமல் மூன்று, நான்கு தலைமுறைகள் வாழ்கின்றன. ஒக்டோபர் 7 அன்று ஹமாஸ் கொன்ற ஏறத்தாழ 1,200 பேரில் பிழைப்புக்குப் போன இலங்கையர் இருவரும் அடக்கம். அந்தக் கொலைகளை எந்த விடுதலையின் கணக்கிலும் எழுத முடியாது. அதற்குப் பின் காஸாவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டதை எந்தத் தற்காப்பின் கணக்கிலும் எழுத முடியாது.

நாநாவின் கேள்வி தமிழரை நோக்கியும்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தார்கள். நம் தாயகக் கோரிக்கை நியாயமானது என்றே நம்புகிறேன். அந்த நியாயம், மண்ணில் இருந்த இன்னொருவரை வெளியேற்ற எவருக்கும் உரிமை தரவில்லை. 1948இல் வீடிழந்த ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பலஸ்தீனர் விஷயத்திலும் என் நிலைப்பாடு இதுவே. தம் இடத்தில் விரட்டப்படும் பயம் முஸ்லிம்களுக்குக் கிராண்ட்பாஸிலேயே தெரியும். 2013 ஆகஸ்ட் 10ஆம் திகதி இங்கே பள்ளிவாசல் தாக்கப்பட்டது.

இலங்கை 1988இலேயே பலஸ்தீன அரசை அங்கீகரித்த நாடு. ஆனாலும் 2025 மார்ச்சில் இதே கொழும்பில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டார். அதற்கு முன்பே, 2023 நவம்பரில் இஸ்ரேலின் பண்ணைகளுக்கு 10,000 பேரை அனுப்ப அரசு ஒப்பந்தம் செய்தது. போர் தொடங்கியதும் பலஸ்தீனத் தொழிலாளரின் அனுமதிகளை இஸ்ரேல் நிறுத்தியிருந்தது. அந்த வெற்றிடங்களுக்குத்தான் வெளிநாட்டு ஆட்களைத் தேடியது. கடன்பட்டு விண்ணப்பித்த நம் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அங்கீகாரத்தையும் ஒப்பந்தத்தையும் ஒரே கையால் எழுதிய அரசிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும்.