வீட்டுக் கட்டிலுக்கு நல்ல பலா மரம்: வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி அதிகாலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்தபோது பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, கடலூர் வட்டாரங்களில் தாத்தா காலத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பழத்துக்காகப் பிள்ளைபோல் வளர்த்த மரம் ஒரே இரவில் வெறும் கட்டையாகிவிட்டது.

ஊர் முழுக்க ஒரே நாளில் மரம் விழுந்தால் விலை சொல்பவர் விவசாயி அல்ல, வாங்க வருபவர்தான். வழியை அடைத்துக் கிடக்கும் மரத்தை எடுத்தால் போதும் என்று குத்துமதிப்பாகக் கொடுக்க வேண்டிய நிலை வருகிறது. புயல் இல்லாத ஆண்டுகளிலும் இதே கதைதான் சிறிய அளவில் நடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பலாவைக் கண்மதிப்பில் விற்றுவிட்டு, மகள் கல்யாணச் சீருக்குக் கடையில் சாயம் பூசிய கட்டிலை வாங்கி வரும் குடும்பங்கள் உண்டு. அந்தக் கட்டில் நான்கைந்து ஆண்டுகளில் உளுத்துக் கொட்டத் தொடங்கும்போதுதான், விற்ற மரத்தின் அருமை தெரிகிறது.

நல்ல மரம் எங்கே கிடைக்கும் என்று தேடுபவருக்கும், நல்ல மரத்தை வைத்திருப்பவருக்கும் தெரிய வேண்டிய விஷயங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: மரத்தின் தரம், அளவு, காய்ச்சல்.

பலாவுக்கு என்ன சிறப்பு?

அமெரிக்காவில் உயர்ந்த மரச்சாமான்களுக்கு செர்ரி மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். அறுத்தபோது வெளிறி இருக்கும் அந்தப் பலகை, வெளிச்சம் படப்பட ஆண்டுக்கு ஆண்டு செம்பழுப்பாக மாறும். நம் ஊர்க் கடைகளில் 'செர்ரி கலர்' என்று விற்பது பெரும்பாலும் அந்த நிறத்தில் ஒட்டிய தாள்தான்.

பலாவுக்கும் இதே குணம் உண்டு. புதிதாக அறுத்த வைரப்பகுதி மஞ்சளாக இருக்கும். நாளாக ஆக தேன் நிறமாகி, பிறகு நல்ல பழுப்பாகும். வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. இழைப்புளிக்கு நன்றாக வளைந்து கொடுக்கும், மெருகும் ஏறும். கேரளத்தில் கதவு, ஜன்னல், கட்டில் என வீடு முழுக்கப் பலாவைப் பயன்படுத்துவது இதனால்தான். பலாக் கட்டையைச் சீவி வேகவைத்து எடுத்த மஞ்சள் சாயத்தில் பௌத்தத் துறவிகளின் ஆடைகளைத் தோய்க்கும் வழக்கம் தென்கிழக்கு ஆசிய நாடுகளில் உண்டு.

இசைக் கருவிகளுக்கும் பலாதான். புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுகிறது. அதற்கான மரம் பண்ருட்டிப் பகுதியிலிருந்தும் போகிறது. மிருதங்கக் கட்டைக்கும் பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரே கட்டையில் குடைந்து செய்யும் ஏகாண்ட வீணைக்குப் பருத்த, நீளமான, பொந்தில்லாத அடிமரம் வேண்டும். ஆகவே பெரிய அடிமரம் வைத்திருப்பவர், தூக்க வசதியாக இருக்கும் என்று அதைத் துண்டு துண்டாக அறுத்துவிடக் கூடாது. முதலில் வாங்குபவரிடம் நீளம் கேட்க வேண்டும். பிறகுதான் ரம்பம் வைக்க வேண்டும்.

சிதம்பரம் பக்கம் என்ன மரம்?

பலா தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. பண்ருட்டிச் செம்மண் அதற்கு ஏற்றது. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதியின் களிமண் வயல் ஏற்றதல்ல. அங்கே வீட்டுச் சாமான்களுக்கு வேம்பும் பூவரசும் கைகொடுக்கும். பூவரசு சிவந்த பழுப்பு நிற வைரமும் நெருக்கமான இழையும் கொண்டது, உப்புக்காற்றிலும் வளரும். நாற்காலி, பெட்டி, வண்டிச் சாமான் என்று முன்னோர்கள் பயன்படுத்திய மரம் அது. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரம் பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறது. ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அது வெட்டிப் பயன்படுத்தும் மரமல்ல.

கீழே சொல்லும் சோதனைகளில் நிறச் சோதனை பலாவுக்கு மட்டும். மற்றவை எல்லா மரத்துக்கும் பொருந்தும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் வைரம். கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் நடுவில் மஞ்சள் அல்லது பழுப்பு வைரமும், சுற்றிலும் வெளிறிய 'வெள்ளை'யும் தெரியும். உளு விழுவது பெரும்பாலும் வெள்ளையில்தான். கட்டில் கால், சட்டம் போன்ற பாரம் தாங்கும் பகுதிகளில் வெள்ளை இருக்கக் கூடாது. இளமரத்தில் வெள்ளை அதிகம். முற்றிய மரத்தில் வைரம் அதிகம்.

இரண்டாவது நிறம். வேறு மரத்துக்கு மஞ்சள் சாயம் ஏற்றிப் பலா என்று விற்பதும் உண்டு. பலகையின் மறைவான ஓரத்தில் கத்தியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். சாயம் மேலோடு நின்றுவிடும். உண்மையான பலா உள்ளேயும் மஞ்சளாக இருக்கும். அறுப்புத்தூள்கூட மஞ்சளாகவே விழும்.

மூன்றாவது குறைகள். மரத்தின் மையத்தில் உள்ள நடுச்சோறு பலகைக்குள் வந்தால் அந்தப் பலகை காயும்போது வெடிக்கும். பெரிய கணு, நுனி வெடிப்பு, மாவுபோல் தூள் கொட்டும் சிறு துளைகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். முழுக்கட்டையாக வாங்கினால் கோடரியின் பின்புறத்தால் தட்டிப் பார்க்கலாம். 'டொக்' என்று வெற்றொலி வந்தால் உள்ளே பொந்து இருக்க வாய்ப்புண்டு.

நான்காவதுதான் பலரும் கேட்கத் தவறுவது: ஈரம். பச்சை மரத்தில் செய்த கட்டில் வீட்டுக்கு வந்த பிறகு காயும். அப்போது பொருத்துகள் விலகும், பலகை வளையும், மூடிய கதவு திறக்காது. பத்து அங்குல அகலப் பச்சைப் பலகை காய்ந்த பிறகு கால் அங்குலமோ அதற்கு மேலோ சுருங்கலாம். மரச்சாமான் செய்யும் பலகையில் ஈரம் சுமார் 12 சதவீதத்துக்கு அருகில் இருப்பது நல்லது. ஈரமானி வைத்திருக்கும் மரவாடியில் கண்ணெதிரே வைத்துக் காட்டச் சொல்லலாம். காட்டத் தயங்காதவரே நம்பி வாங்கத் தக்கவர்.

ஈரமானி இல்லாவிட்டால் தராசு போதும். ஒரே பலகையை வாரம் ஒருமுறை எடைபோட்டுச் சுவரில் குறித்து வர வேண்டும். எடை குறைந்துகொண்டே வந்தால் இன்னும் காயவில்லை. மழையில்லாத நாட்களில் மூன்று நான்கு வாரம் எடை மாறாமல் நின்றால், நிழலில் காய வேண்டிய அளவுக்குக் காய்ந்துவிட்டது என்று பொருள்.

அளவில் ஏமாறாத கணக்கு

மரத்தின் விலை கன அடிக் கணக்கில் பேசப்படுகிறது. உருட்டுக் கட்டைக்குக் கால் சுற்றளவுக் கணக்கு வழக்கத்தில் உள்ளது. கட்டையின் நடுப்பகுதிச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுக்க வேண்டும். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, நடுச் சுற்றளவு 60 அங்குலம், நீளம் 8 அடி என்றால், 60-ஐ நான்கால் வகுக்க 15. 15 × 15 × 8 = 1,800. இதை 144-ஆல் வகுக்க 12.5 கன அடி.

இதே கட்டையை நடுவில் அளக்காமல் மெலிந்த நுனியில் அளந்தால் என்ன ஆகும்? நுனிச் சுற்றளவு 52 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், கால் பங்கு 13. 13 × 13 × 8 = 1,352. 144-ஆல் வகுக்க 9.4 கன அடிதான். நாடாவை எங்கே சுற்றினார்கள் என்பதில் மட்டும் மூன்று கன அடி, அதாவது கால் பங்கு மரம் கணக்கில் காணாமல் போகிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கால் சுற்றளவுக் கணக்கே உண்மையான கன அளவைவிடக் குறைவாகத்தான் காட்டும். மேலே சொன்ன கட்டையின் முழுக் கன அளவு ஏறத்தாழ 15.9 கன அடி. அறுப்பில் வீணாகும் பகுதிக்காக விட்டுக்கொடுக்கும் பழைய முறை இது. ஆகவே 'பட்டைக்கு, வீணுக்கு' என்று மேலும் கழிக்கக் கேட்டால், ஏற்கெனவே கழிந்துவிட்டது என்று விற்பவர் சொல்லலாம்.

அறுத்த பலகைக்குக் கணக்கு எளிது. நீளம் (அடி) × அகலம் (அங்குலம்) × கனம் (அங்குலம்) ÷ 144. ஆறு அடி நீளம், 10 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் 0.625 கன அடி. வாங்கப் போகும் முன் ஆசாரியிடம் எந்த அளவில் எத்தனை பலகை, எத்தனை சட்டம் என்று பட்டியல் எழுதி வாங்கிக்கொண்டால், கூடுதலாகவும் வாங்க வேண்டாம், குறைந்துபோய் இரண்டாம் முறை ஓடவும் வேண்டாம்.

விற்பவர் கவனத்துக்கு

காய்க்கும் பலாவை மரத்துக்காக வெட்டுவது பெரும்பாலும் நஷ்டம். ஆண்டுதோறும் வரும் பழ வருமானத்தையும் மரத்துக்குக் கிடைக்கும் ஒருமுறைப் பணத்தையும் எழுதிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். காய்ப்பு ஓய்ந்தது, அடியில் நோய் கண்டது, வீட்டின்மீது சாயும் நிலையில் இருப்பது, புயலில் விழுந்தது ஆகியவையே வெட்ட வேண்டிய மரங்கள்.

வெட்டும் முன் பட்டா, அடங்கல் நகலுடன் கிராம நிர்வாக அலுவலரையும் வனச்சரக அலுவலகத்தையும் கேட்டு, தேவையான சான்றுகளைப் பெற்றுக்கொள்வது நல்லது. வழியில் வண்டியை நிறுத்தினால் கையில் காகிதம் இருக்க வேண்டும். மின்கம்பி அருகே நிற்கும் மரம் என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் ரம்பம் வைக்கக் கூடாது.

பேரம் பேசும்போது நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டும். அளவு எடுப்பது எங்கே, எப்படி? வெட்டுக்கூலியும் வண்டிக்கூலியும் யாருடையது? கிளைகளும் விறகும் யாருக்கு? பக்கத்துப் பயிர் சேதமானால் யார் பொறுப்பு? மூன்று பேரிடமாவது விலை கேட்ட பிறகே முன்பணம் வாங்க வேண்டும். நான்கைந்து விவசாயிகள் தங்கள் கட்டைகளைச் சேர்த்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகவோ விற்றால், வெளியூர் வியாபாரியும் இசைக்கருவி செய்வோரும் நேரில் வருவதற்கு வழியுண்டு.

அறுத்துக் காயவைத்தல்

சொந்த மரத்தில் வீட்டுச் சாமான் செய்ய நினைப்பவருக்குப் பொங்கலுக்குப் பிந்தைய நாட்கள் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். மாசி முதல் ஆனி வரை காயவைக்கக் காலம் கிடைக்கும். தேய்பிறையில் வெட்டினால் உளு விழாது என்பது பெரியவர்கள் நம்பிக்கை. எந்தப் பிறையில் வெட்டினாலும், ஈர மண்ணில் போட்டுவைத்தால் மரம் கெட்டுத்தான் போகும்.

வெட்டிய கட்டையை வெறும் தரையில் விடாமல் குறுக்குக் கட்டைகள்மேல் உருட்டி நிழலில் வைக்க வேண்டும். இரு வெட்டுமுகங்களிலும் மீந்த பெயின்டையோ மெழுகையோ பூசினால் நுனி வெடிப்பு குறையும். நாள் கடத்தாமல் மில்லில் அறுத்து, பலகைகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஒரே கனமுள்ள ரீப்பர்களை இரண்டடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வைக்க வேண்டும். இந்தக் கோடு தப்பினால் பலகை வளையும். மேலே பாரம் ஏற்றி, கூரை போட்டு, பக்கவாட்டில் காற்று போக விட வேண்டும். நேர் வெயில் ஆகாது. ஓர் அங்குலப் பலகைக்குச் சில மாதங்கள் தேவை. கனமான கால்களுக்கு இன்னும் அதிகம்.

வெள்ளைப் பகுதியையும் பயன்படுத்த வேண்டியிருந்தால், பச்சையாக இருக்கும்போதே போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலில் நனைத்தெடுப்பது உளுவைத் தடுக்கும். கரைசல் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

புயலில் விழுந்த மரத்துக்கும் இதே முறைதான். பெரிய மரத்தில் முதலில் அழுகுவது வெள்ளை. வைரம் பல மாதம் தாங்கும். வழியை விட்டு நகர்த்தி, குறுக்குக் கட்டைமேல் ஏற்றி, நுனிக்குப் பெயின்ட் பூசி வைத்தால் நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். அவசரம் வாங்குபவருடையதாக இருக்கட்டும்.

ஒன்றுக்கு இரண்டு

ஒரு மரம் எடுத்த இடத்தில் இரண்டு கன்றாவது வைக்க வேண்டும். பழத்துக்கு என்றால் கடலூர் மாவட்டம் பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர்-1, பாலூர்-2 ரகங்கள் உள்ளன. அடிமரத்துக்காக என்றால் விதைக்கன்று நேராக ஓங்கி வளரும். கொட்டையை நிலத்திலேயே ஊன்றி வளர்த்தால் ஆணிவேர் அறுபடாமல் ஆழமாக இறங்கும். காற்றுக்கும் நின்று தாங்கும். முதல் சில ஆண்டுகள் பக்கக் கிளைகளைச் சிறிதாக இருக்கும்போதே கவாத்து செய்தால் கணுவில்லாத நீண்ட அடிமரம் கிடைக்கும். மற்ற மரக்கன்றுகளுக்கு வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இன்று ஊன்றும் கொட்டை கட்டிலாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை பழம் தரும், தழை ஆட்டுக்கு ஆகும், நிழல் வீட்டுக்கு ஆகும். பிறகு ஒருநாள் அதை விற்கப்போகும் பேரப்பிள்ளைக்கு, நாடாவை நடுவில் சுற்றி அளக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்க வேண்டும்.