குந்தியிருக்கும் குழந்தை

சீகிரியாக் குன்றின் உச்சியை அடைய ஏறத்தாழ 1200 படிகள் ஏறவேண்டும். பிறவியிலேயே இருதயக் குறையுள்ள பிள்ளைக்கோ வீட்டு முற்றமே அத்தகைய குன்றாகிவிடும்.

அக்குறைகளுள் ஒன்றை 1888இல் பிரெஞ்சு வைத்தியர் ஃபலோ விளக்கினார். இருதய அறைகளுக்கிடையே துவாரம். நுரையீரலுக்குச் செல்லும் வழியில் ஒடுக்கம். பிராணவாயு குன்றிய இரத்தம் உடலிற் கலப்பதால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஓடிய பிள்ளை இடையிலே குந்திவிடும். அது சோம்பலன்று, குந்தும்போது கால்களின் இரத்தக்குழாய்கள் நெருக்குண்டு, நுரையீரலுக்குக் கூடுதலான இரத்தம் செல்கிறது.

முன்னாளில் இப்பிள்ளைகளுட் பலர் வாலிபம் எய்தவில்லை. 1944இல் அமெரிக்காவில் ஹெலன் டோசிக் அம்மையாரின் யோசனைப்படி அல்பிரட் பிளேலொக் நுரையீரலுக்குப் புதுவழி அமைத்தார். 1954இல் லில்லிஹை குறையையே திருத்தினார். இன்று சத்திரசிகிச்சை பெற்றோருட் பெரும்பாலோர் வளர்ந்து பெரியோராகின்றனர். எனினும் ஆயுள் முழுதும் பரிசோதனை வேண்டும்.

ஆகவே, படியிற் குந்தும் பிள்ளையைக் கடியாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்.