பழம்பொருள் மறுவிற்பனையும் இணையச் சந்தையும்

ஒரு பொருளின் ஆயுளும், அப்பொருள் உடையார்க்கு அதன்பால் உள்ள தேவையும் ஒருங்கே முடிவனவல்ல. தைத்துப் பிழைத்த தாய் மறைந்த பின்னும் அவர் சுழற்றிய தையல் இயந்திரம் கூடத்தின் மூலையிற் கிடக்கின்றது. மின்விளக்கு வந்த பின்னும் பித்தளை விளக்கு பரணிலே தூசு படிந்திருக்கின்றது. ஒருவர்க்குச் சுமையாய்ப் போன பொருள் பிறிதோரிடத்தில் பிறிதொருவர் தேடி அலையும் பொருளாதல் உண்டு. இவ்விருவரையும் கூட்டுவிப்பதே பழம்பொருள் வாணிகத்தின் தொழில். அத்தொழில் இன்று இணையத்தின் துணையாற் கொழும்பைப் போன்ற பெருநகரங்களைக் கடந்து பலாபத்வல போன்ற சிற்றூர்களுக்கும் எட்டியுள்ளது. அது நடைபெறும் வகையும், அதன்கண் கிடைக்கும் ஊதியம் எப்போது அறத்தின்பாற்படும் என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

சந்தை தமிழர்க்குப் புதியதன்று. மதுரை மாநகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. பட்டினப்பாலையோ, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் பிறர் பொருளையும் தம் பொருள்போற் கருதி, பழிக்கு அஞ்சி, விலையை வெளிப்படச் சொல்லி விற்றனர் எனக் காட்டுகின்றது. பழம்பொருளுக்கெனத் தனிச் சந்தைகள் தோன்றியது பிற்காலத்ததாகும். சென்னையில் 1900 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்று 1985 இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் பழைய நூல்களுக்கும் பலவகைப் பண்டங்களுக்கும் பேர்பெற்றிருந்தது. கொழும்பிலே பஞ்சிகாவத்தை வாகனங்களின் பழைய உதிரிப்பாகங்களுக்கு நிலைக்களமாயிற்று. இவ்விடங்களிலெல்லாம் வாங்குவோன் பொருளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். விற்பவன் முகத்தையும் பார்த்தான். மறுநாளும் அவன் அவ்விடத்தே இருப்பான் என்னும் உறுதி இருந்தது.

இணையச் சந்தை இவ்வுறுதியை நீக்கி, அதற்கு ஈடாகத் தூரத்தை வென்று தந்தது. 1995 இல் அமெரிக்காவிலே பியர் ஒமிடியார் என்பவர் பின்னர் ஈபே எனப் பெயர்பெற்ற ஏல நிலையத்தைத் தொடக்கினார். அதில் முதலில் விலைபோன பொருள் பழுதடைந்த லேசர் சுட்டி ஒன்று, அது 14.83 டொலருக்கு விற்கப்பெற்றது. அது பழுதானது என்பதை வாங்கியவர் உணர்ந்தாரோ என ஐயுற்று ஒமிடியார் வினவியபோது, பழுதடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிப்பதே தம் வழக்கம் என அவர் விடையிறுத்தாராம். எப்பொருளுக்கும் எங்கேனும் ஒரு விருப்பினன் உளன் என்பதற்கும், பழுதினைப் பழுதென்று சொல்லியும் பொருளை விற்கலாம் என்பதற்கும் இந்நிகழ்ச்சி சான்றாகும்.

இலங்கையில் 2012 இலே, சுவீடன் நாட்டைச் சேர்ந்த சால்ட்சைட் என்னும் நிறுவனம் ‘இக்மன்’ என்ற விளம்பரச் சந்தையைத் தொடங்கியது. ‘இக்மன்’ என்பது விரைவு எனப் பொருள்படும் சிங்களச் சொல். 2016 இல் பேஸ்புக் நிறுவனமும் தன் சந்தைப் பகுதியை முதலில் வேறு சில நாடுகளில் திறந்தது. பின்னர் அது பரவிற்று. இவை கடைகள் அல்ல. அறிவித்தற் பலகைகள் போல்வன. உடையவர் பொருளின் படத்தையும், விவரத்தையும், விலையையும், தாம் இருக்கும் ஊரையும் பதிவு செய்கின்றார். விரும்புபவர் தொலைபேசியில் அழைக்கின்றார். பேரமும், பார்வையிடலும், பணமும் பெரும்பாலும் அவ்விருவர்க்கிடையே நிகழ்வன.

இம்முறை ஒரு சிற்றூரில் எவ்வாறு பயன்படும் என்பதைப் பலாபத்வலவை வைத்து நோக்கலாம். மாத்தளை நகரிலிருந்து அலுவிகாரையைக் கடந்து யாழ்ப்பாணம் நோக்கி வடக்கே செல்லும் ஏ-9 வீதியில் அமைந்த ஊர் அது. சுற்றிலும் மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் விளையும் தோட்டங்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவினத்தாரும் வாழும் பகுதி. பழைய இரும்பும் போத்தலும் வாங்க வருபவருக்கு ஒரு தையல் இயந்திரம் இத்தனை கிலோ இரும்பு. ஒரு குத்துவிளக்கு இத்தனை கிலோ பித்தளை. கொழும்பில் வாழும் ஒருவருக்கோ அது பாட்டியின் நினைவு. தையல் பழகும் பெண்ணுக்கு அது தொழிற்கருவி. நிறையால் அளக்கும் விலைக்கும் பயனால் அளக்கும் விலைக்கும் இடையிலுள்ள இவ்வெளியே மறுவிற்பனையாளரின் வயல்.

அவ்வயலில் விளைவது உழைப்பின்றி விளைவதன்று. கையாற் சுழற்றும் பழைய தையல் இயந்திரம் ஒன்றை ஒருவர் 9,000 ரூபாவுக்கு வாங்கினார் எனக் கொள்க. போக்குவரத்துக்கு 600 ரூபா. ஊசி, எண்ணெய், தேய்ந்த உறுப்பு, திருத்துநர் கூலி ஆகியவற்றுக்கு 2,400 ரூபா. மரப்பெட்டியிற் பொதிந்து அனுப்ப 2,000 ரூபா. முதல் 14,000 ரூபா ஆகின்றது. அது 20,000 ரூபாவுக்கு விலைபோனால் எஞ்சுவது 6,000 ரூபா. தேடியும், திருத்தியும், படம்பிடித்தும், அழைப்புகளுக்கு விடைகூறியும் மூன்று நாள் கழிந்திருப்பின், நாளொன்றுக்கு 2,000 ரூபாவே கூலியாகும். வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மாத்திரம் நோக்கி 11,000 ரூபா ஊதியம் என மகிழ்பவர் விரைவில் கைப்பொருளை இழப்பர். விலைபோகாது தங்கும் பொருளில் முடங்கிய பணமும் இக்கணக்கிற் சேரவேண்டியதே.

உழைப்போடு அறிவும் வேண்டும். சிங்கர் தையல் இயந்திரத்தின் உடலிற் பொறித்த தொடரெண்ணைக் கொண்டு அது செய்யப்பெற்ற காலத்தை அறியலாம் என்பதை உணர்ந்தவரும் உணராதவரும் ஒரே பொருளை ஒரே கண்ணாற் காண்பதில்லை. வார்ப்புப் பித்தளையையும் பித்தளை முலாம் பூசிய இரும்பையும் காந்தத்தால் வேறுபடுத்துவதும், வால்வு வானொலியின் உட்பாகங்கள் மாற்றப்பட்டனவா எனப் பின்மூடியைத் திறந்து பார்ப்பதும் இத்தகைய அறிவே. விளம்பரங்களிற் கேட்கப்படும் விலை வேறு, உண்மையிற் கைமாறும் விலை வேறு என்பதையும் இத்தொழிலில் இறங்குபவர் முதற்கண் உணர்தல் வேண்டும்.

இனி, இச்சந்தையின் உள்ளார்ந்த நோயொன்று உண்டு. அதனை 1970 இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லோப் ஒரு கட்டுரையில் விளக்கினார். பழுதான வாகனத்தை எலுமிச்சை எனக் குறிப்பது அந்நாட்டுக் கொச்சை வழக்கு. அதுவே அக்கட்டுரையின் பெயரிலும் இடம்பெற்றது. நல்ல மோட்டார் சைக்கிள் 300,000 ரூபாவும், குறையுள்ளது 150,000 ரூபாவும் பெறும் என்க. எது நல்லது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இரண்டும் சமமாய்க் கலந்த சந்தையில் வாங்குபவர் 225,000 ரூபாவுக்கு மேல் கொடுக்கத் துணியார். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க உடையவர் உடன்படார், அவர் விலகுகின்றார். எஞ்சுவன குறையுள்ளவையே, அதை அறிந்து விலை மேலும் வீழ்கின்றது. ஒருவரது பொய், பொய் சொல்லாத விற்பனையாளரையும் சந்தையினின்று துரத்துகின்றது என்பதே இதன் சாரம். இவ்வாராய்ச்சித் துறையில் ஆற்றிய பணிக்காக 2001 இல் மைக்கல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவரும் பொருளியலுக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்தார்.

இந்நோய்க்கு மருந்து விவரத்தின் மெய்ம்மையே. படம் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்படவேண்டும். கீறலும், வெடிப்பும், துருவும் மறைவின்றித் தோன்றவேண்டும். திருத்தப்பட்ட உறுப்பு எது, பழைய உறுப்பு எது எனக் கூறவேண்டும். பிறர் விளம்பரத்துப் படத்தை எடுத்தாளுதல் ஆகாது. குறையைச் சொன்னால் விலை குறையும் என்பது உண்மையே. ஆயினும் சொல்லப்பட்ட குறை ஒருமுறை விலையைக் குறைக்கும். மறைக்கப்பட்ட குறையோ விற்றவரின் பெயரையே குறைத்துவிடும்.

சட்டமும் இதனோடு இயைந்தே நிற்கின்றது. இலங்கையின் 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விவரங்கூறி விற்கும் பொருள் அவ்விவரத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்கின்றது. பொருளின் தரத்தைப் பற்றிப் பொதுவில் வாங்குவோனே விழிப்பாயிருக்கவேண்டும் எனினும், அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் சட்டம் கூடுதலான பொறுப்பை எதிர்பார்க்கின்றது. வீட்டில் எஞ்சிய நாற்காலியை ஒருமுறை விற்பவரும், மாதந்தோறும் நாற்காலிகளை வாங்கி விற்பவரும் சட்டத்தின்முன் ஒருநிலையினர் அல்லர்.

மேலும், தமக்கு உரிமையில்லாத பொருளின் உரிமையை ஒருவர் பிறர்க்குக் கொடுத்தல் இயலாது. களவுப்பொருளை அறியாது வாங்கியவரும் அதனை உடையவரிடம் இழக்க நேரும். அறிந்து வாங்கினாற் குற்றவாளியும் ஆவர். ஆதலாற் கைத்தொலைபேசியை வாங்குமுன் *#06# என அழுத்தி, திரையில் தோன்றும் 15 இலக்க அடையாள எண்ணைப் பெட்டியிலும் பற்றுச்சீட்டிலும் உள்ள எண்ணோடு ஒப்புநோக்குதல் வேண்டும்.

மாத்தளை மாவட்டத்தார் சிறப்பாக நினைவிற் கொள்ளவேண்டிய சட்டம் மற்றொன்று. திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்றதாக மரபு கூறும் அலுவிகாரை இம்மாவட்டத்ததே; நாலந்தைக் கெடிகையும் இம்மாவட்டத்ததே. இத்தகைய மண்ணில் ஒரு பழைய ஏட்டுச்சுவடியோ, நாணயமோ, செப்புப் படிமமோ கிடைத்தல் வியப்பன்று. 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்டனவாகக் கருதத்தக்க பொருள்களைத் தொல்பொருள் எனக் கொண்டு 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் காக்கின்றது. கலாசார ஆதனங்களை வாணிகஞ் செய்தற்கு உரிமம் வேண்டும் என 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. தோட்டத்தை வெட்டும்போது வெளிப்பட்ட பொருளைப் படம்பிடித்து விளம்பரப்படுத்துபவர், தமக்கு உரிமையில்லாத ஒரு நாட்டின் நினைவை விலைகூறுகின்றார்.

விற்பவர் ஏமாறுதலும் உண்டு. பொருளைப் பார்க்காமலே வாங்க இசைந்து, பணம் அனுப்புவதாகக் கூறி, கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்பவர் வாங்க வந்தவரல்லர். பணத்தைப் பெறுவதற்கு எவ்விரகசிய எண்ணும் வேண்டியதில்லை; கொடுப்பதற்கே அது வேண்டும். இவ்வொரு விதியை உணர்ந்தாற் பல இழப்புக்கள் நீங்கும். ஆள் நடமாட்டமுள்ள இடத்திற் சந்தித்தலும், பணம் வங்கிக் கணக்கிற் சேர்ந்ததைத் தாமே பார்த்தபின் பொருளைக் கையளித்தலும் நல்ல காப்புக்களாம்.

இவையெல்லாம் விற்கும் நேரத்து ஒழுக்கம். வாங்கும் நேரத்து ஒழுக்கமோ இதனினும் அரியது. அதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. 2020 இல் அந்நியச் செலாவணியைக் காக்கும்பொருட்டு இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடையில் 2022 இல் நாணயம் வீழ்ந்து, டொலர் ஒன்றின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் ஏறியது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கிற்று. புதிய பொருள் எட்டாத விலைக்கு ஏறியபோது பழைய பொருளின் விலையும் உடன் ஏறியது. பழைய வாகனம் வைத்திருந்தவர் அதனை அறிந்திருந்தார். அரிசிக்கும் மருந்துக்கும் பணம் தேடி வீட்டுப் பண்டத்தை விற்க முன்வந்த முதியவர் அதனை அறிந்திருப்பார் என்பது உறுதியன்று. அவர் கையில் இருந்தது பொருள்; வாசலில் வந்து நின்றவர் கையில் இருந்தது விலைநிலவரம்.

இந்நிலையிலேதான் மறுவிற்பனையாளரின் தராதரம் வெளிப்படுகின்றது. உயர்ந்த விலைபெறும் பொருள் எனத் தெரிந்தும், ‘இது பழைய இரும்புதானே’ எனக் கூறி வாங்குபவர், குறையை மறைத்து விற்பவரினும் வேறல்லர். முன்னவர் நிறையை மறைத்தார். பின்னவர் குறையை மறைத்தார். இருவர்க்கும் முதல் பிறரது அறியாமையே. ‘அம்மா, இதைத் திருத்தினால் நல்ல விலைக்குப் போகும், என் செலவும் கூலியும் நீங்க இவ்வளவு தரலாம்’ எனச் சொல்லி வாங்குபவரின் ஊதியம் சிறிது குறையும். ஆயினும் அண்டை வீட்டார் தம் பரணைத் திறக்கும்போது அவரையே அழைப்பர். சிற்றூரில் இவ்வழைப்பே ஒரு வணிகரின் நிலையான முதல். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணிச் செய்வதே வாணிகம் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தமையும் நோக்கற்பாலது. வாணிகத்தை ஊக்கத்தின்பாற் படுத்தாது நீதியின்பாற் படுத்தினார் அவர்.

ஆகவே, மறுவிற்பனையாளரின் ஊதியம் அறிவுக்கும் உழைப்புக்கும் கூலியாயின் அது நேரிய ஊதியம். மறைப்புக்குக் கூலியாயின் அது கவர்ந்த பொருள். படித்து வேலை தேடும் இளைஞர்க்குப் பெருமுதல் வேண்டாத தொழிலாக இது வாய்த்திருக்கின்றது. எறியப்படவிருந்த பொருள் மீண்டும் பயன்படுவதால் நாட்டின் செலாவணியும் மிஞ்சுகின்றது. மண்ணிற் சேரும் குப்பையும் குறைகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் முகத்தெதிரே நின்று விலை கூறினர். பலாபத்வலவிலிருந்து விற்பவர் முகங்காணாத ஒருவர்க்கு விலை கூறுகின்றார். முகம் மறைந்த இடத்தில் சொல்லே முகமாகின்றது. அச்சொல் மெய்யாயிருத்தல் வேண்டும்.