மோகனத்தை இந்தோளமாக்கும் போன்! மியூசிக் கிளாஸ்ல இப்படியும் விளையாடலாம்

திருவண்ணாமலை கோயிலில் ராஜகோபுரம் தாண்டி உள்ளே போனால் கம்பத்து இளையனார் சந்நிதி வரும். அருணகிரிநாதருக்கு முருகன் தூணில் காட்சி கொடுத்த இடம் என்பது ஐதீகம். 15-ம் நூற்றாண்டில் இந்த ஊரில் வாழ்ந்த அந்த மனுஷர் எழுதிய திருப்புகழ் பாடல்களில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் இன்னிக்கு நம்ம கையில் இருக்கு. அவர் என்ன மெட்டில் பாடினார்னு மட்டும் தெரியாது. ஆனா, பாட்டுக்கு மேலே 'தத்தன தனதன' மாதிரி ஒரு சந்தக் குழிப்பு அச்சிட்டிருப்பாங்க பாருங்க, அதான் தாளத்தோட எலும்புக்கூடு. மேலே போர்த்த வேண்டிய மெட்டு, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஹோம்வொர்க்!

ஆனா நம்ம மியூசிக் கிளாஸ் எப்படி நடக்குது? டீச்சர் பாடுவார், நாம திருப்பிப் பாடுவோம். சரளி வரிசைக்கு அது அவசியம், மறுக்கவே முடியாது. 'நீயா ஒரு நாலு வரி மெட்டுப் போடு'ன்னு மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்றதில்லை. தப்பாப் பாடினா பக்கத்து பெஞ்ச் சிரிக்கும்ங்கிற பயம் வேற. போன் உதவுறது இங்கதான். நீங்க பத்து தடவை சொதப்பினாலும் அது சிரிக்காது.

கூகுளின் 'க்ரோம் மியூசிக் லேப்' 2016-ல் வந்தது. அதில் 'ஸாங் மேக்கர்'னு ஒரு பக்கம் இருக்கு. ஆப் இறக்க வேண்டாம், லாகின் வேண்டாம், காசு வேண்டாம், பிரவுசர் போதும். கட்டங்கள் தெரியும், விரலால் தொட்டா ஸ்வரம் விழும். செட்டிங்ஸ்ல ஸ்கேலை 'பென்டடோனிக்'னு மாத்துங்க. அது வேறெதுவும் இல்லை, நம்ம மோகனம்தான். ச ரி க ப த. எங்கே தொட்டாலும் அபஸ்வரம் வராது என்பதால் பாட்டே கத்துக்காத ஃப்ரெண்டும் தைரியமா விளையாடலாம்.

இப்ப இன்னொரு போனை எடுங்க. அதில் ஒரு தம்புரா ஆப்பைத் திறந்து 1 கட்டையில் வைங்க. நீங்க போட்ட மெட்டு மோகனமா கேட்கும். மெட்டைத் தொடாம, தம்புராவை மட்டும் 2 கட்டைக்கு ஏத்துங்க. அதே ஸ்வரங்கள் மத்யமாவதியா மாறிடும்! 3 கட்டைக்குப் போனா இந்தோளம். (இந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது. அதனால தம்புராவை மத்யமத்துக்கு மாத்திக்கணும். மறந்தா காது கூசும்.) இதுக்குப் பேர்தான் கிரக பேதம். புத்தகத்தில் ரெண்டு பக்கம் படிச்சும் புரியாத விஷயம், ரெண்டு போனில் அஞ்சு நிமிஷத்தில் புரியும்.

தாளத்துக்கும் வழி இருக்கு. ஒரு பாருக்கு இத்தனை பீட்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 5 வெச்சா கண்ட நடை: தக தகிட. 7 வெச்சா மிஸ்ரம்: தகிட தகதிமி. ஒரு திருப்புகழின் சந்தத்தை வாயால் சொல்லிக்கிட்டே கீழே இருக்கும் டிரம் கட்டத்தில் போட்டுப் பாருங்க. எங்கே இடிக்குதுன்னு தெரியும்போதுதான் அருணகிரிநாதர் என்ன கணக்குப் போட்டிருக்கார்னு உறைக்கும்.

இந்தக் கட்டத்துக்கு ஒரு பெரிய குறை இருக்கு. அதுக்கு கமகம் தெரியாது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கும் அசைவுதானே நம்ம சங்கீதத்தின் உயிர்? தோடியின் காந்தாரத்தைக் கட்டத்துக்குள் அடைச்சா அது தோடியே இல்லை. அதனால ஆப்பில் போட்ட மெட்டை அப்படியே விட்டுடாதீங்க, வாயால் பாடுங்க. அதே லேப்பில் 'ஸ்பெக்ட்ரோகிராம்' பக்கத்தைத் திறந்து மைக்கில் பாடினா குரல் கோடுகளா ஓடும். நேரா நிக்கிற ஸ்வரம் நேர்க்கோடு, கமகம் அலை. வாத்தியார் பாடின அலையையும் உங்க அலையையும் ஒப்பிட்டுப் பாருங்க. கொஞ்சம் அவமானமா இருக்கும், ரொம்ப உபயோகமா இருக்கும்!

'மெஷின் வந்தா சங்கீதம் கெட்டுடும்'னு வீட்டில் யாராவது சொன்னா, கச்சேரி மேடையில் இருக்கும் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைக் காட்டுங்க. 1970-களில் பெங்களூரில் அதை உருவாக்கிய ஜி.ராஜ் நாராயண் இன்ஜினீயர் மட்டுமில்லை, புல்லாங்குழல் கலைஞரும்கூட.

ஊரையே வாத்தியமாக்கவும் முடியும். கிரிவலப் பாதை 14 கி.மீ. சங்கு, மணி, டீக்கடையில் ஆத்துற சத்தம், ஆட்டோ ஹாரன், அதிகாலை மயில். போன் ரெக்கார்டரில் பத்துப் பத்து செகண்டா பிடிங்க. 'பேண்ட்லேப்' ஆப்பில் சாம்ப்ளர் இருக்கு. அதில் ஏத்தினா ஒவ்வொரு சத்தமும் ஒரு பட்டன். அக்கவுன்ட் தேவைப்படும், அடிப்படை வசதிகள் இலவசம். கோயிலுக்குள்ளே ரெக்கார்டிங் வேண்டாம், வெளியே கிடைக்கிறதே தாராளம். ஒரு ஆளைப் பதிவு பண்ணும் முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

ஒரே பட்டனில் முழுப் பாட்டும் செஞ்சு தர்ற ஏ.ஐ. ஆப்கள் பத்திக் கேட்டா, கிளாஸுக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். பாட்டு வரும். 'இந்த இடத்தில் ஏன் தைவதம்?'னு டீச்சர் கேட்டா முழிக்கணும்.

ஸ்கூலுக்கு போன் கொண்டுபோக முடியாதேன்னா, ஹைடெக் லேப் இருக்கிற அரசுப் பள்ளிகளில் அந்தக் கம்ப்யூட்டரே போதும். அஞ்சு பேருக்கு ஒரு திரை இருந்தா நல்லதுதான். ஒருத்தர் கட்டம் போட, ஒருத்தர் பாட, ஒருத்தர் தாளம் தட்ட, மத்த ரெண்டு பேர் குறை சொல்லலாம். முறையா கத்துக்கணும்னா திருவண்ணாமலையிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு. குரலிசை, நாதஸ்வரம், தவில்னு மூணு வருஷச் சான்றிதழ் படிப்பு. சேரப் போகும்போது ஸாங் மேக்கர்ல போட்ட உங்க மெட்டின் லிங்க்கையும் சேவ் பண்ணி எடுத்துட்டுப் போங்க.